பரஸ்பர சம்மத விவாகரத்து: கூட்டுப் பெயரில் வீடு, பாக்கிக் கடன், விற்ற நகை. எப்படிப் பிரிப்பது?

மழைமேகம் எழுதியது:

வணக்கம். ஒன்றரை வருடத்துக்கு மேலாக நானும் கணவரும் தனித்தனியாக இருக்கிறோம். சண்டை போட்டுக் களைத்தாகிவிட்டது. இருவரும் சம்மதித்தே பிரிவது என்று முடிவு. மகளுக்கு ஒன்பது வயது, என்னோடு இருப்பாள். அதில் தகராறு இல்லை. தகராறு முழுக்க ஃபிளாட்டில்.

2019இல் 65 லட்சத்துக்கு வாங்கினோம். வங்கிக் கடன் 45, கைப்பணம் 20. அந்த 20இல் அவர் போட்டது 8. என் அப்பா கொடுத்தது 8. என்னுடைய 15 பவுன் நகையை விற்றதில் வந்தது 4. பத்திரம் இருவர் பெயரிலும். இருவர் சம்பளமும் ஒரே ஜாயின்ட் அக்கவுன்டில் விழும், இ.எம்.ஐ. அதிலிருந்தே போகும். இன்னும் 34 லட்சம் கடன் பாக்கி. இன்றைக்கு விற்றால் 90 லட்சம் வரும் என்கிறார்கள்.

வீட்டை நான் வைத்துக்கொள்ள விரும்புகிறேன், மகளின் பள்ளி பக்கத்தில். அவர் 90இல் 34 போக மீதி 56, அதில் பாதி 28 லட்சம் கொடு என்கிறார். நான் 12 போட்டவள், அவர் 8 போட்டவர், எப்படிப் பாதி ஆகும்? இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழைய ரேடியோ எழுதியது:

கல்யாணம் ஆன பிறகு வாங்கியது எல்லாம் சட்டப்படி பாதிப் பாதிதானே அம்மா? இதில் யோசிக்க என்ன இருக்கிறது?


கறுப்புக் கோட்டு எழுதியது:

ரேடியோ சார், அப்படி ஒரு சட்டம் நம் நாட்டில் இல்லை. நிறையப் பேர் இப்படித்தான் நினைத்துக்கொண்டு ஆபீசுக்கு வருகிறார்கள். கோவா, டாமன், டையூ பகுதிகளில் மட்டும் போர்த்துக்கீசியர் விட்டுப்போன 1867ஆம் ஆண்டுச் சிவில் சட்டத்தின் வழியில், தம்பதியின் சொத்து பொதுவில் சேரும். மற்ற இடங்களில் யார் பெயரில் இருக்கிறதோ அவர் சொத்து. கல்யாணம் ஆனதால் மட்டும் பாதி உரிமை வந்துவிடாது; விவாகரத்து ஆனதால் பறிபோகவும் போகாது.

விவாகரத்தில் மனைவிக்குப் பங்கு தர ஒரு மசோதா வந்தது. 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் நிறைவேறாமல், 2014இல் அவை கலைந்தபோது காலாவதியாகிவிட்டது.

தோழி மழைமேகம், உங்களுடையது கூட்டுப் பெயர் என்பதால் விஷயம் வேறு. சொத்து மாற்றச் சட்டம் 1882, பிரிவு 45ஐப் பாருங்கள். இருவர் சேர்ந்து வாங்கி, அவரவர் தனிப் பணத்தைப் போட்டிருந்தால், போட்ட விகிதத்தில் பங்கு. யார் எவ்வளவு போட்டார் என்பதற்குச் சான்று இல்லையென்றால் சமபங்கு என்று எடுத்துக்கொள்வார்கள். முதலில் பத்திரத்தை எடுத்து ஒருமுறை முழுதாகப் படியுங்கள். "சமபாகம்" என்று எழுதியிருந்தால் உங்கள் வாதம் அங்கேயே பலவீனமாகிவிடும். அப்பாவின் 8 லட்சம் உங்கள் கணக்குக்கு வந்து போனதா, நேராக பில்டருக்குப் போனதா?


மழைமேகம் எழுதியது:

சமபாகம் என்று எதுவும் இல்லை, இருவர் பெயரும் வரிசையாக இருக்கிறது, அவ்வளவுதான். அப்பா என் தனிக் கணக்கில் போட்டார், அங்கிருந்து பில்டருக்குச் சென்றது. நகை விற்ற பணமும் அப்படித்தான். ஸ்டேட்மென்ட் இருக்கிறது.


ஒன்ராறியோக்காரன் எழுதியது:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இங்கே ஒன்ராறியோவில் முறை வேறு. கல்யாண நாளில் ஒவ்வொருவரிடமும் இருந்தது எவ்வளவு, பிரிந்த நாளில் இருப்பது எவ்வளவு, கடன்களைக் கழித்து வித்தியாசம் பார்ப்பார்கள். யாருடைய வித்தியாசம் கூடவோ, அவர் மற்றவருக்கு அந்த இடைவெளியில் பாதியைக் காசாகக் கொடுக்க வேண்டும். சொத்து யார் பெயரில் என்பது பெரிதில்லை. குடும்பம் வாழ்ந்த வீட்டுக்குத் தனிச் சலுகை: கல்யாணத்துக்கு முதலே ஒருவர் கொண்டுவந்த வீடாக இருந்தாலும், பிரியும்போதும் அதுவே குடும்ப வீடு என்றால் அதன் பழைய மதிப்பைக் கழிக்க விடமாட்டார்கள்.

இங்கத்தைய கதையைக் கேட்டுவிட்டு ஊரிலே இருக்கிற சொந்தக்காரர்கள் "பாதி உனக்கு வரும்" என்று நம்பிக்கை கொடுக்கிறதை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எழுதினேன்.


பேரேடு எழுதியது:

நான் தொழில்முறையில் ஆடிட்டர். மழைமேகம் மேடம், உங்கள் எண்களை வைத்தே போட்டுப் பார்த்தேன்.

45 லட்சம் கடனில் 34 பாக்கி என்றால் அசலில் 11 அடைந்திருக்கிறது. ஜாயின்ட் அக்கவுன்டிலிருந்து போனதால் ஆளுக்கு 5.5 என்று வைத்துக்கொள்வோம். பாக்கி 34உம் ஆளுக்கு 17 பொறுப்பு.

நீங்கள் போட்டது: 12 + 5.5 + 17 = 34.5.
அவர் போட்டது: 8 + 5.5 + 17 = 30.5.
மொத்தம் 65, சரியாக வருகிறது.

இந்த விகிதத்தில் 90 லட்சத்தைப் பிரித்தால் உங்கள் பங்கு 47.77, அவர் பங்கு 42.23. இரண்டிலும் 17 கடனைக் கழியுங்கள். உங்களுக்கு 30.77, அவருக்கு 25.23.

அதாவது உங்கள் வாதம் முழுவதுமாக ஜெயித்தாலும் அவருக்குத் தர வேண்டியது 28க்குப் பதில் 25.23. வித்தியாசம் இரண்டே முக்கால் லட்சம். இதற்காகத் தனியாக ஒரு வழக்கு, அதில் வருடங்கள், இரண்டு பக்கமும் வக்கீல் பீஸ் என்று போனால் அந்த இரண்டே முக்கால் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

"நான் 4 லட்சம் அதிகம் போட்டேன், 4 லட்சம் அதிகம் வேண்டும்" என்று நீங்கள் மனதில் வைத்திருக்கலாம். வீட்டு மதிப்பு ஏறியதில் உங்கள் அதிகப் பணத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் அதே பேரத்தில் அவருடைய 8உம் ஏறியிருக்கிறது.


மழைமேகம் எழுதியது:

சார், இதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் தோன்றவில்லை. இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இத்தனை மாதம் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது.

ஆனால் நகை? அதை வெறும் 4 லட்சம் என்று எழுதிவிட மனம் வரவில்லை. அந்த 15 பவுனுக்கு இன்றைக்கு என்ன விலை!


செம்பருத்தி எழுதியது:

அதேதான் நானும் கேட்க வந்தேன். பேரேடு சார் கணக்கில் நகை வெறும் ரொக்கமாகிவிட்டது. அது சீதனம் சார். கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் போட்டது. கணவர் பயன்படுத்திக்கொண்டால் திருப்பித் தர வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. 15 பவுன் தங்கமாகவே திரும்ப வர வேண்டும், அதுபோக வீட்டில் 12 லட்சத்துக்கான பங்கும் வர வேண்டும்.


பேரேடு எழுதியது:

செம்பருத்தி மேடம், இரண்டும் சேர்ந்து வராது. ஒரே நகையை ஒரு கையால் "வீட்டில் என் முதலீடு" என்றும் இன்னொரு கையால் "திருப்பித் தர வேண்டிய சீதனம்" என்றும் காட்ட முடியாது. எதிர்தரப்பு வக்கீல் முதல் கேள்வியிலேயே பிடித்துவிடுவார். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தேர்ந்தெடுத்தால் கணக்கு மாறுகிறது. நகையை வீட்டுக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் இருவரும் 8, 8 தான். மீதி 4 பொது என்று வைத்துக்கொண்டால் வீடு சரிபாதி, ஆளுக்கு 28. அதுபோக 15 பவுன், அதாவது 120 கிராம். இன்றைய விலையில் பத்து லட்சத்தைத் தாண்டும். 2019க்குப் பிறகு ஃபிளாட் 65லிருந்து 90 ஆனது; தங்கம் அதே காலத்தில் இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. எண்ணை மட்டும் பார்த்தால் சீதனம் என்று கேட்பதே லாபம். சட்டத்தில் நிற்குமா என்பதைக் கறுப்புக் கோட்டுதான் சொல்ல வேண்டும்.


கறுப்புக் கோட்டு எழுதியது:

சீதனம் மனைவியின் தனிச் சொத்து என்பதில் 1985 பிரதிபா ராணி தீர்ப்பிலிருந்து சந்தேகமே இல்லை. கணவனோ மாமியாரோ அதைப் பாதுகாக்கும் இடத்தில்தான் இருக்கிறார்கள், உரிமையாளர் ஆவதில்லை. 2024 ஏப்ரலில் மாயா கோபிநாதன் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அதையே சொன்னது: கஷ்ட காலத்தில் கணவன் பயன்படுத்தலாம், ஆனால் நகையையோ மதிப்பையோ திருப்பித் தரும் தார்மீகக் கடமை உண்டு. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் தரச் சொன்னார்கள்.

ஆனால் அந்த வழக்கின் விவரத்தையும் பார்க்க வேண்டும். அங்கே நகை கணவர் வீட்டார் கைக்குப் போய் அவர்கள் கடனுக்குக் கரைந்தது என்பது குற்றச்சாட்டு. இங்கே தோழியே சம்மதித்து விற்று, பணம் அவர் கணக்குக்கு வந்து, அவர் பெயரும் உள்ள வீட்டில் போடப்பட்டிருக்கிறது. "நகை போய் வீடாக உன்னிடமே இருக்கிறதே" என்று எதிர்தரப்பு சொல்லும், அதில் நியாயமும் இருக்கிறது. கோர்ட்டில் இதை முழு 15 பவுனாகக் கேட்டு ஜெயிப்பது கடினம் என்பது என் கருத்து. பேச்சுவார்த்தை மேஜையில் கேட்பது வேறு. 28 கேட்கிறவரிடம் "சரி, நகைக்காக இதில் இவ்வளவு குறை" என்று பேச இது நல்ல பிடி.

விற்காமல் யாரிடமாவது இருக்கும் நகை என்றால் கதை வேறு. அதைப் பட்டியல் போட்டு அப்படியே கேளுங்கள்.


செம்பருத்தி எழுதியது:

பட்டியல் பற்றி நான் சொல்கிறேன், அதில் அடிபட்டவள். என் நகை மாமியார் பெயரிலான லாக்கரில் இருந்தது. பில் எல்லாம் அப்பா பெயரில், பாதி தொலைந்துபோனது. என்னிடம் இருந்தது கல்யாண ஆல்பம் மட்டும். ஒரு மத்தியானம் முழுக்க வக்கீல் ஆபீசில் உட்கார்ந்து ஆல்பத்தைப் புரட்டி, முகூர்த்தத்தில் என்ன, ரிசப்ஷனில் என்ன என்று எழுதினோம். காசுமாலை தெரிகிறது, அதன் கீழே உள்ள ஆரம் மாலைக்குள் மறைந்துவிட்டது. ஆரம் கடைசிவரை வரவே இல்லை, "அப்படி ஒன்று இல்லை" என்றார்கள்.

அதனால் மழைமேகம், கையில் இருக்கும்போதே எடை போட்டு, போட்டோ எடுத்து, பில்லை ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். லாக்கரை எந்தத் தேதியில் யார் திறந்தார் என்ற பதிவு வங்கியில் இருக்கும், அதையும் கேட்கலாம். செட்டில்மென்டில் "நகைகள் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு வரி எழுதி நீட்டுவார்கள். உருப்படி வாரியாக, எடையோடு எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.


கடன் மேசை எழுதியது:

வீட்டுக் கடன் பிரிவில் வேலை பார்க்கிறேன் (எந்த வங்கி என்று கேட்காதீர்கள்). மேலே யார் யாருக்கு எவ்வளவு என்று பேசியது எல்லாம் சரி. ஆனால் கடன் கொடுத்த நாங்கள் இந்த இழையில் இதுவரை வரவே இல்லை.

விவாகரத்துத் தீர்ப்பில் "இனி இ.எம்.ஐ. முழுவதும் மனைவி கட்டுவார்" என்று எழுதிக்கொண்டு வருவார்கள். அது உங்கள் இருவருக்கும் இடையிலான ஏற்பாடு. வங்கி அந்த வழக்கில் தரப்பே இல்லை. கடன் ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், முழுக் கடனுக்கும் இருவருமே பொறுப்பு. நாளைக்கு நீங்கள் இரண்டு தவணை தவறினால் அவருடைய சிபில் ஸ்கோரும் சேர்ந்து விழும். அவர் புதிதாக ஒரு கடன் கேட்டுப் போனால் இந்த 34 லட்சம் அவர் தலையிலும் நிற்கும். "தீர்ப்பு நகல் கொடுத்தேனே, ஏன் என் பெயரை எடுக்கவில்லை" என்று கவுன்டரில் வந்து கோபப்படுகிறவர்கள் ஏராளம்.

அவர் பெயரை எடுக்க ஒரே வழி, உங்கள் ஒருவருடைய வருமானத்தில் இந்தக் கடன் தாங்குமா என்று வங்கி புதிதாகப் பார்த்து ஒப்புக்கொள்வது. கடைசிச் சில மாதச் சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, ஸ்டேட்மென்ட் எல்லாம் மறுபடி கேட்போம். தாங்கவில்லை என்றால் அப்பாவையோ தம்பியையோ இணைக் கடன்தாரராகச் சேர்க்கலாம். இல்லையென்றால் வேறு வங்கிக்குக் கடனை மாற்றி, அங்கே உங்கள் பெயரில் மட்டும் புதிதாக எடுக்கலாம்.

இன்னொன்று. அவருக்குக் கொடுக்க வேண்டிய 25 அல்லது 28 லட்சத்தை எங்கிருந்து கொடுக்கப் போகிறீர்கள்? அதையும் இதே கடனில் டாப்-அப் (அதே வீட்டின் மேல் கூடுதல் கடன்) கேட்டால் 34 அறுபதாகிவிடும். ஒரு சம்பளத்தில் அது தாங்குமா என்பதை முதலில் பாருங்கள். வீட்டின் மேல் ஆசைப்பட்டு வாங்கி, ஒரே வருடத்தில் விற்க வருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

விடுதலைப் பத்திரம் (அவர் தன் பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுத்து எழுதுவது) பதிவதற்கு முன்னால் எங்கள் என்.ஓ.சி., அதாவது ஆட்சேபமில்லாச் சான்று, வேண்டும். மூலப் பத்திரம் எங்களிடம் இருக்கிறது, வில்லங்கச் சான்றிலும் அடமானம் தெரியும்.


மழைமேகம் எழுதியது:

டாப்-அப் என்றுதான் நினைத்திருந்தேன். பயமாக இருக்கிறது. எஃப்.டி. 9 லட்சம் இருக்கிறது, அது என் பெயரில். அப்பா கொஞ்சம் தருவதாகச் சொல்கிறார். முழு 28 என்றால் முடியாது.


பேரேடு எழுதியது:

அப்படியென்றால் பத்திரச் செலவைப் பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இங்கேதான் பெரும்பாலானோர் பணத்தை விடுகிறார்கள்.

வீடு தமிழ்நாட்டில்தானே? அவருடைய பாதியை நீங்கள் கிரயமாக வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பாதியின் மதிப்பு 45 லட்சம் என்றால் 4 லட்சத்து 5 ஆயிரம். அதையே கணவன் மனைவிக்குள் விடுதலைப் பத்திரமாக எழுதினால் குடும்ப உறுப்பினர் விகிதம்: தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. மொத்தம் 50 ஆயிரத்தோடு முடிந்தது.

நீங்கள் மாதக்கணக்காக வாதாடிய 2.77 லட்சத்தைவிட இந்த வித்தியாசம் பெரியது, கவனித்தீர்களா?

ஆனால் இந்தச் சலுகை கணவன், மனைவி என்ற உறவுக்கு. விவாகரத்துத் தீர்ப்பு வந்த மறுநாள் நீங்கள் இருவரும் சட்டத்தின் கண்ணில் யாரோ. எனவே பத்திரப் பதிவு தீர்ப்புக்கு முன்னால் நடக்க வேண்டும். வரைவை முன்கூட்டியே சார்பதிவாளர் அலுவலகத்தில் காட்டிவிடுங்கள், அன்றைக்குப் போய் நின்று தெரிந்துகொள்ளும் விஷயம் இல்லை இது.

வருமான வரியிலும் இதே கோடுதான். மனைவிக்குக் கணவன் சும்மா கொடுத்தால் பெறுபவருக்கு வரி இல்லை, உறவினர் என்ற விலக்கு. தீர்ப்புக்குப் பிறகு அந்த விலக்கு பேசாது. பணம் வாங்கிக்கொண்டு பங்கை விட்டால் அவருக்கு மூலதன ஆதாயம் என்பதும் நினைவிருக்கட்டும். 28 ரொக்கம், அவர் தலையிலிருந்து இறங்கும் கடன் 17, சேர்த்து 45. அவர் பங்கின் அடக்க விலை, 65இல் பாதி, 32.5. ஆதாயம் 12.5 லட்சம். 12.5 சதவீதத்தில் ஒன்றரை லட்சம் சொச்சம். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கியது என்பதால் பணவீக்கக் குறியீட்டை வைத்து 20 சதவீத வழியிலும் போட்டுப் பார்க்கலாம், அவருக்கு அதுவே குறைவாக வரும். அது அவர் கவலை என்று விட்டுவிடாதீர்கள். "எனக்கு வரி வருகிறது, அதையும் சேர்த்துக் கொடு" என்று கடைசி நேரத்தில் கேட்பார்கள்.


பழைய ரேடியோ எழுதியது:

இதெல்லாம் தெரியாமல்தான் என் தங்கை விஷயத்தில் தீர்ப்பு வந்த பிறகு பத்திரத்துக்கு அலைந்தோம். பேரேடு சொல்வது நூற்றுக்கு நூறு.


அகல்விளக்கு எழுதியது:

நான் வேலைக்குப் போனதில்லை. வீடு, நிலம், எல்லாம் அவர் பெயரில். நகை கொஞ்சம் என்னிடம் இருக்கிறது. பதினாலு வருடக் குடும்பம். மேலே எழுதியதைப் படித்தால் எனக்கு எதுவுமே இல்லை என்று தோன்றுகிறது. மாமனாருக்குப் பூர்வீகச் சொத்து உண்டு, அதிலாவது கேட்கலாமா?


கறுப்புக் கோட்டு எழுதியது:

அகல்விளக்கு சகோதரி, மாமனார் சொத்தில் இல்லை. அவர் வீட்டில் நீங்கள் குடித்தனம் நடத்தியிருந்தால் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் அங்கே வசிக்கும் உரிமை கேட்கலாம். வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் கேட்கலாம் என்று 2020இல் சதீஷ் சந்தர் அகூஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அது குடியிருக்கும் உரிமை, பங்கு அல்ல.

உங்கள் வழி ஜீவனாம்சம். இந்து திருமணச் சட்டம் பிரிவு 24இல் வழக்கு நடக்கும்போதே இடைக்காலத் தொகை, 25இல் நிரந்தரத் தொகை. அதில் அவருடைய சொத்து, வருமானம், நீங்கள் வாழ்ந்த தரம், எத்தனை வருட வாழ்க்கை, குடும்பத்துக்காக வேலையை விட்டது எல்லாம் எடைபோடப்படும். சொத்தில் பங்காக வராதது ஒரே தொகையாக வரலாம்.

வீட்டு வேலைக்கு மதிப்பில்லை என்றும் நினைக்காதீர்கள். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. கணவர் வளைகுடாவில் சம்பாதித்து அனுப்பினார், மனைவி இங்கே குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார். அந்தப் பணத்தில் வாங்கிய சொத்தில் மனைவியின் உழைப்பும் இருக்கிறது, சமபங்கு உண்டு என்றார் நீதிபதி. விவாகரத்து வழக்கு அல்ல அது, எல்லா நீதிமன்றமும் அப்படியே பின்பற்றும் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் மனுவில் அதைச் சொல்லாமல் விடக் கூடாது.


நடுப்பக்கம் எழுதியது:

ஆண்கள் பக்கமும் ஒருவர் பேச வேண்டுமே. சம்பளத்தில் 25 சதவீதம் கொடுத்தே ஆக வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு வீட்டுக் கடன், அம்மாவின் மருத்துவச் செலவு எல்லாம் இருக்கிறது. என் மனைவியும் நன்றாகவே சம்பாதிக்கிறார், ஆனால் காட்டுவதில்லை.


கறுப்புக் கோட்டு எழுதியது:

25 என்பது 2017இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் நியாயமான அளவு என்று சொன்னது. சூத்திரம் இல்லை. மனைவிக்குத் தன் வருமானம் இருந்தால் அதுவும் கணக்கில் வரும்.

மறைப்பதற்கு மருந்து, 2020 நவம்பரில் வந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பு. இப்போது ஜீவனாம்ச வழக்கில் இருவருமே சொத்து, வருமானம், கடன் பற்றிய பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்ய வேண்டும். தீர்ப்பின் பின்னிணைப்பிலேயே படிவம் இருக்கிறது. அவருடையதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, பொருந்தாததைக் கேளுங்கள். உங்களுடையதையும் நேர்மையாக எழுதுங்கள், "கடன்" என்று அண்ணன் தம்பிகளிடம் கைமாற்று வாங்கியதாக அடுக்குவதை நீதிபதிகள் நிறையப் பார்த்துவிட்டார்கள்.


பேரேடு எழுதியது:

ஒரு வரி சேர்க்கிறேன். மாதாமாதம் வாங்கும் ஜீவனாம்சத்தை வருமானமாகவும், ஒரே தொகையை மூலதன வரவாகவும் பார்ப்பது 1980களின் பம்பாய் உயர் நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து வரும் வழக்கம். மொத்தமாக வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். கொடுப்பவருக்கு இரண்டிலுமே வரிக் கழிவு கிடையாது.


மழைமேகம் எழுதியது:

எனக்கு ஜீவனாம்சம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மகளுக்கு மட்டும் மாதத் தொகை. அவர் "வீட்டில் 3 லட்சம் குறைத்துக்கொள்கிறேன், மகளுக்கு இனி எதுவும் கேட்காதே" என்கிறார். ஒப்புக்கொள்ளலாமா? இன்னொன்று, முதல் மனு போடும் அன்றே முழுப் பணத்தையும் கேட்கிறார்.


கறுப்புக் கோட்டு எழுதியது:

முதல் கேள்விக்கு: வேண்டாம். குழந்தையின் ஜீவனாம்சம் குழந்தையின் உரிமை, அதை நீங்கள் எழுதிக்கொடுத்து விட முடியாது. அப்படி ஒரு ஷரத்து இருந்தாலும் பிற்பாடு மகள் சார்பில் கேட்க முடியும். அவருக்கும் அந்த 3 லட்சம் வீண், உங்களுக்கும் மனக்கசப்பு. வீட்டுக் கணக்கையும் மகள் கணக்கையும் ஒரே பத்தியில்கூட எழுத விடாதீர்கள். பள்ளிக் கட்டணம் யார், மருத்துவம் யார், மாதத் தொகை வருடத்துக்கு எவ்வளவு கூடும் என்று தனியாக எழுதுங்கள்.

இரண்டாவதற்கு: கண்டிப்பாகக் கூடாது. 13பி மனுவில் (பரஸ்பர சம்மத விவாகரத்து மனு, இரண்டு கட்டமாகப் போடுவது) தீர்ப்பு வரும் நாள்வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். 1991 சுரேஷ்டா தேவி தீர்ப்பிலிருந்து நிலை அதுதான். முழுப் பணமும் கைக்கு வந்த பிறகு ஒருவர் மனம் மாறினால் நீங்கள் பணத்தைத் திரும்ப வாங்க இன்னொரு வழக்குப் போட வேண்டும். வழக்கமாக மூன்றாகப் பிரிப்போம்: முதல் மனுவின்போது ஒரு பகுதி, விடுதலைப் பத்திரம் பதியும் அன்று பெரும் பகுதி, மீதி இரண்டாவது மனுவில் நீதிபதி முன்னால் டி.டி.யாக. ரொக்கமாக ஒரு ரூபாயும் வேண்டாம்.

காலம் பற்றி. முதல் மனுவுக்கும் இரண்டாவதற்கும் இடையில் ஆறு மாதம். 2017 அமர்தீப் சிங் தீர்ப்புக்குப் பிறகு, ஒன்றரை வருடம் பிரிந்திருந்து எல்லாம் பேசி முடித்தவர்கள் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். உங்களுக்கும் பொருந்தும். எல்லோரும் அதைக் கேட்கத் துடிப்பார்கள். நீங்கள் கேட்காதீர்கள், குறைந்தபட்சம் உடனே கேட்காதீர்கள். வங்கி ஒப்புதல், என்.ஓ.சி., பத்திரப் பதிவு மூன்றையும் கணவன் மனைவியாக இருக்கும்போதே முடிக்க உங்களுக்கு அந்த மாதங்கள் வேண்டும். பதிவு முடிந்துவிட்டால் பிறகு தள்ளுபடி மனுப் போடலாம்.

(நான் சொல்வது இந்து திருமணச் சட்டத்துக்கு. சிறப்புத் திருமணச் சட்டத்தில் ஏறக்குறைய இதே நடைமுறை. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனிச் சட்டங்கள், அவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.)


கடன் மேசை எழுதியது:

ஜாயின்ட் அக்கவுன்டை மறந்துவிட்டீர்களே. "இருவரில் யாரேனும்" என்ற முறையில் இருந்தால் நாளைக் காலை ஒருவரே முழுவதையும் எடுத்துவிடலாம், வங்கி தடுக்காது. இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் என்று மாற்றக் கடிதம் கொடுங்கள். இ.எம்.ஐ. மட்டும் தடையில்லாமல் போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் சம்பளத்தைத் தனிக் கணக்குக்கு மாற்றும் உற்சாகத்தில் தவணை பவுன்ஸ் ஆனால் இருவருக்கும் நஷ்டம்.


மழைமேகம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரு வீட்டாரையும் விட்டுவிட்டு நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்து பேசினோம். பேரேடு சார் கணக்கை அச்சிட்டுக் கொடுத்தேன். 28 வேண்டாம், 25.23உம் வேண்டாம், நகைக்குச் சேர்த்து 24 என்று முடிவாகியிருக்கிறது. பத்திரச் செலவு என்னுடையது, வரி அவருடையது. மகளுக்கான தொகை தனி. 9 எஃப்.டி., அப்பா தருவது, மீதிக்குச் சிறிய டாப்-அப். வங்கியில் தகுதி பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

அவருடைய பி.எஃப்.ஐ நான் கேட்கவில்லை. அதில் நாமினி நான்தான். இன்ஷூரன்ஸ் இரண்டு இருக்கிறது, இரண்டிலும் நாமினி நான். தீர்ப்பு வந்தால் அது தானாகப் போய்விடுமா?


பேரேடு எழுதியது:

தானாக எதுவும் போகாது. விவாகரத்து ஆனது அந்த அலுவலகங்களுக்குத் தெரியவே தெரியாது. அவர் படிவம் கொடுத்து மாற்ற வேண்டும், உங்கள் கணக்குகளில் நீங்கள் மாற்ற வேண்டும். எஃப்.டி., மியூச்சுவல் ஃபண்ட், டீமேட் என்று ஒவ்வொன்றாக. மகளை நாமினியாகப் போட்டால், மைனர் என்பதால் அவளுக்காகப் பணம் பெறுபவர் யார் என்ற இடத்தை நிரப்ப மறக்காதீர்கள். அங்கே அவர் பெயரைப் போடுவதா, உங்கள் அப்பா பெயரைப் போடுவதா என்று யோசித்து எழுதுங்கள்.

இன்ஷூரன்ஸில் ஒன்றைக் கவனியுங்கள். பாலிசியை எடுத்துப் பாருங்கள், 1874ஆம் ஆண்டு மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தின் கீழ் எடுத்தது என்று குறிப்பு இருக்கிறதா? வீட்டுக் கடனோடு சேர்த்து எடுத்த டேர்ம் பாலிசிகளில் சிலர் அந்தப் பெட்டியை டிக் செய்திருப்பார்கள். இருந்தால் அது மனைவி, பிள்ளைகளுக்கான அறக்கட்டளை மாதிரி. அவர் தனியாக மாற்ற முடியாது. அந்த பாலிசியை மகளுக்காகத் தொடர்வது, பிரீமியம் யார் கட்டுவது என்று செட்டில்மென்டிலேயே எழுதிவிடலாம்.


மழைமேகம் எழுதியது:

இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் அந்தக் குறிப்பு இருக்கிறது. பயனாளிகள் இடத்தில் என் பெயரும் மகள் பெயரும். பிரீமியம் அடுத்த மாதம் வருகிறது. இன்றைக்கே அவருக்குப் படம் எடுத்து அனுப்பிவிடுகிறேன்.